நாய்க்கு வைக்கும் மிச்சச் சோறு

விருந்து முடிந்த மூன்றாம் நான்காம் நாளில் எங்கள் சிகிச்சையகத்துக்குத் தூக்கிவரப்படும் நாய்களில் சிலவற்றுக்கு ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் நேற்றும் இன்றும் வைத்ததையே சொல்வார்கள். அன்று மிஞ்சிய பிரியாணியும் வெங்காயப் பச்சடியும் யார் நினைவுக்கும் வராது.

வெங்காயத்தின் கெடுதல் இப்படித் தாமதமாகத்தான் வெளிப்படும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அத்தன்மை போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் தின்றாலே பாதிப்பு தெரியும் என்பதால், 10 கிலோ நாய்க்கு இரண்டு நடுத்தர வெங்காயம் போதும். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் அதே விளைவுதான். துண்டுகளைப் பொறுக்கிவிட்டுச் சாம்பார் சோற்றைப் பிசைந்து வைப்பதில் பயனில்லை, ஏனெனில் சாறு ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும்.

பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சை இன்னும் மோசமானது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கும். இன்னொன்றுக்குச் சிலவே போதும், மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நஞ்சியல் மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் மிகுதி. புளி தின்ற நாய்களிலும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஆகவே புளிக்குழம்புச் சோறும் வேண்டாம் என்கிறேன். “எங்கள் தாத்தா வீட்டு நாய் ரசஞ்சோறு தின்றே பதினான்கு வருடம் இருந்தது, டாக்டர்” என்பார்கள். இருந்திருக்கலாம்; அதன் இரத்தத்தை யாரும் பரிசோதித்ததில்லை.

சாக்லேட்டில் உள்ள, நாய்க்கு நஞ்சாகும் தியோபுரோமின் அதன் உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும். கறுப்புச் சாக்லேட்டிலும் கோகோ தூளிலும் அது மிக அதிகம். சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டியோ அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும்.

வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். சோடியம் ஏறி வலிப்பு வந்துவிடும். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் நாங்களே மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முடியும். தின்ற பண்டத்தின் உறை இருந்தால் எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும், அந்த வாரத்தில் வீட்டில் விருந்து ஏதும் நடந்ததா என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள்.