எதிர்ப்பு சக்திப் பொடியும் புற்றுநோயும்

“டாக்டரே, எதிர்ப்பு சக்தி குறஞ்சதுனாலதானே இது வந்துச்சு? அத ஏத்த ஒரு டானிக் தரலாமே?” நாகர்கோவில் பக்கம் புற்றுநோய் வைத்தியம் பார்க்கும் எங்களைப் போன்ற டாக்டர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவரின் பையில் அநேகமாக ஒரு பொடி டப்பாவும் இருக்கும்.

கேள்வியில் கொஞ்சம் உண்மை உண்டு. டி செல், என்.கே. செல் என்ற எதிர்ப்பு செல்கள் புற்றாக மாறும் செல்களைக் கண்டுபிடித்து அழிக்கின்றன. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சில புற்றுநோய்கள் கூடுதலாக வருவது அதனால்தான். ஆனால் திடகாத்திரமான ஆளுக்கும் வருகிறதே?

பல கட்டிகளுக்குள் எதிர்ப்பு செல்கள் கூட்டமாகவே இருக்கும், தாக்காமல் சும்மா இருக்கும். நம் சொந்த உறுப்புகளைத் தாக்கிவிடாதபடி டி செல்லில் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டிப் புற்றுச் செல் அதை அழுத்திவிடுகிறது. மேக்ரோபேஜ் கதை இன்னும் மோசம். கிருமியை விழுங்கும் இந்தச் செல், புண் ஆறும்போது புது ரத்தக்குழாய் வளரவும் உதவும். அந்த உதவியைக் கட்டி தன் வளர்ச்சிக்கு வாங்கிக்கொள்கிறது. இந்த நிலையில் பொடி யாருடைய சக்தியை ஏற்றும்? எந்தப் பொடியும் அந்த பிரேக்கை எடுத்துவிடாது.

எடுத்துவிடும் மருந்துகள் வேறு; இம்யூனோதெரபி என்று இந்த வைத்தியத்தைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிரேக்குகளை எடுக்க வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாருக்கும் இந்த மருந்து கேட்காது; கட்டியிலிருந்து எடுத்த பயாப்ஸி திசுவைச் சோதித்து ஓரளவு கணிக்கலாம். விலையும் மலைக்க வைக்கும். ஆனால் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் (வெற்றிலை புகையிலை போடும் நம்மூருக்கு வேண்டிய செய்தி இது) மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை (பிடி-1 பிரேக்கை எடுக்கும் மருந்து) புற்றுநோய் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16 சதவீதம்; இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம்.

சரி, பிரேக்கை எடுத்தால் வண்டி கண்டபடி ஓடாதா? சிலருக்கு ஓடும். குடல், நுரையீரல், தைராய்டு, கல்லீரல் என எதையும் டி செல்கள் தாக்கலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட. இங்கேதான் நம் குமரி மாவட்டத்தில் சிக்கல். திருவனந்தபுரத்தில் மருந்து ஏற்றிவிட்டு மார்த்தாண்டத்துக்கோ குலசேகரத்துக்கோ திரும்பியவருக்கு வயிற்றோட்டம் பிடித்தால், சாப்பிட்ட மீன் சரியில்லை என்று நினைத்து, வயிற்றைக் கட்டும் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடுகிறார். அது குடல் அழற்சியாக இருந்தால் வேண்டியது ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம். ஆகவே வயிற்றோட்டம், புதிதாக இருமல், மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, தாங்க முடியாத சோர்வு எது வந்தாலும், பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் “இம்யூனோதெரபி எடுக்கிறேன்” என்று சொல்லி மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். மருந்து ஏற்றிய இடத்துக்கும் அன்றைக்கே ஒரு போன் போடுங்கள். பொடி ஏதும் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கல்லீரல் கெட்டால் அது மருந்தாலா பொடியாலா என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.