மேலே ஆவி வந்தால் புட்டு அவிந்தது

அம்மம்மாவின் குசினியில் மணிக்கூடு இல்லை. பேணியால் கொத்திய மாவைத் தேங்காய்ப்பூவோடு, பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் போட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் சம்பல் இடிப்பார். "புட்டு அவிஞ்சிட்டுதோ?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "மேலாலை ஆவி வரட்டும்."

அடியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் முதல் சில நிமிடங்களுக்கு மாவின் மேலே ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று குபுகுபுவென்று வரும். அதுவரை அத்தனை ஆவியும் எங்கே போனது?

பதிலுக்கு முதலில் நல்லூர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அன்னதானப் பந்தியில் சப்பாணி கட்டி இருப்பவர்கள் இடம் மாறமாட்டார்கள். ஆனால் கை நீட்டுவார்கள், முன்னும் பின்னும் அசைவார்கள். திண்மத்தின் துணிக்கைகள் அப்படித்தான், இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். தேரன்று வீதியில் நெருக்கியடிக்கும் சனம் திரவம். தோளோடு தோள் முட்டினாலும் மெல்ல நகரலாம், இடம் மாறலாம். பின்னேரம் முற்றவெளியில் பந்தடிக்கும் பிள்ளைகள் வாயு. ஆளுக்கு ஆள் தூரம், ஒரே ஓட்டம், எப்போதாவது மோதல். மூன்றிலும் ஆட்கள் அதே ஆட்கள்தான். பனிக்கட்டி, தண்ணீர், நீராவி எல்லாவற்றிலும் இருப்பதும் அதே நீர் மூலக்கூறுதான்.

தேர்க்கூட்டத்தை விட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு. தண்ணீரில் ஒவ்வொரு மூலக்கூறையும் பக்கத்தில் உள்ளவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பானையைச் சூடாக்கும்போது முதலில் மூலக்கூறுகளின் வேகம் கூடுகிறது. வெப்பநிலை என்று நாம் அளப்பது அந்த ஓட்டத்தின் சராசரிச் சக்தியைத்தான். 100 பாகை செல்சியசை எட்டியதும் கதை மாறுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் வெப்பமானி அசையாது. வருகிற வெப்பம் முழுவதும் பிடியை அறுக்கவே செலவாகிறது. கொதிக்கத் தொடங்கிய பிறகு காஸ் அடுப்பைக் கூட்டிவைத்தால் தண்ணீர் கெதியாக வற்றும், காசு கரையும், சூடு மட்டும் ஏறாது. (100 பாகை என்பது யாழ்ப்பாணம் போலக் கடல் மட்டத்தில் உள்ள ஊர்களுக்கான கணக்கு. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.)

ஒரு கிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 வரை சூடாக்கச் சுமார் 293 யூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) போதும். அதே கிராமை 100 பாகையிலேயே ஆவியாக்க 2,257 யூல் வேண்டும், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். வெப்பமானியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதால் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து விளக்கினார்.

இப்போது நீத்துப்பெட்டிக்கு வருவோம். ஆவி குளிர்ந்த மாவில் பட்டதும் ஒடுங்கித் தண்ணீராகிறது. ஒடுங்கும்போது, வாங்கிய 2,257 யூலையும் அப்படியே மாவிடம் கொடுத்துவிடுகிறது. மா ஒரே நேரத்தில் ஈரமாகிறது, வேகவும் செய்கிறது. அடியில் உள்ள மா 100 பாகையை எட்டினால் அங்கே ஆவி ஒடுங்க வழியில்லை, அதனால் அடுத்த அடுக்குக்குப் போகிறது. இப்படியே படிப்படியாக ஏறி, மேல் அடுக்கும் சூடான பிறகுதான் ஆவிக்கு வெளியே வழி கிடைக்கிறது. ஆகவே மேலே ஆவி தெரிந்தால், ஆவி போன வழியெல்லாம் மா வெந்துவிட்டது. அம்மம்மா வெப்பமானியைத் தொட்டதே இல்லை. ஆனால் இதைவிடச் சரியாக அளக்கும் கருவியை என்னால் யோசிக்க முடியவில்லை.

நாம் பார்க்கும் அந்த வெள்ளைப் புகை உண்மையில் ஆவியே இல்லை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். கேத்தில் மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு சிறு இடைவெளி தெரியும். நிசமான நீராவி அங்கேதான் இருக்கிறது. விரலை வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு இறங்கும்போது சுமார் 260 யூல் விடும். ஒரு கிராம் நீராவியோ ஒடுங்கிக் குளிர்வதற்குள் 2,500 யூலைக் கொட்டிவிடும். நீத்துப்பெட்டியை அவசரமாகத் தூக்கிக் கை வெந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

கொதித்தால்தான் ஆவியாகும் என்றில்லை. 30 பாகைத் தண்ணீரிலும் சில மூலக்கூறுகள் மற்றவற்றை விட வேகமாக ஓடும். மேற்பரப்பில் இருக்கும் அவை பிடியை அறுத்துக்கொண்டு போய்விட, மெதுவானவை மிஞ்சுகின்றன, அதனால் மிச்சத் தண்ணீர் குளிர்கிறது. மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் செய்வது இதைத்தான். ஒரு லீற்றரில் 10 கிராம் ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், மீதி 5 பாகைக்கு மேல் குளிரும். சோளகக் காற்று வீசினால் இன்னும் நல்லது, வெளியேறிய மூலக்கூறுகள் திரும்பி வர விடாமல் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனையிறவில் உப்பு விளைவதும் இதே வெயிலையும் காற்றையும் நம்பித்தான். அங்கே யாரும் கடலைக் கொதிக்கவைப்பதில்லை.

உருகுவதிலும் மறைவெப்பம் உண்டு, ஒரு கிராமுக்கு 334 யூல். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் அந்த வெப்பத்தால் பூச்சியப் பாகைத் தண்ணீரை 80 பாகை வரை ஏற்றலாம். பாசையூரிலோ குருநகரிலோ மீனைக் குளிர்ந்த தண்ணீரில் போடாமல், உடைத்த ஐஸ் போட்டு ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டியில் அடுக்குவது இதனால்தான். ஐஸ் உருகிக்கொண்டே மீனின் சூட்டை உறிஞ்சும், தான் மட்டும் பூச்சியத்தை விட்டு நகராது. லொறி கொழும்பு போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து அடிவரை கையை விட்டுத் துழாவினால் போதும். மீனைச் சுற்றி எங்கும் ஐஸ் கட்டிகள் தட்டுப்பட்டால் சரி, பாரை இன்னும் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.