ரிப்போர்ட் நார்மல், ஆனால் வலி நிஜம்

மருந்துக்கடை கட்டைப்பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வந்தார் அந்தப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். எக்ஸ்ரே, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை என எல்லாமே நார்மல். "எங்கெங்கே வலிக்குதும்மா?" என்றேன். "எங்கே வலிக்கலைன்னு கேளுங்க டாக்டர், அது சுலபம். ராத்திரி பூரா யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றினேன். பாதியிலேயே முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வெறும் இறுக்கமாகத் தெரிவது அவருக்கு வலியாகத் தெரிகிறது. பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட வலிக்குமாம். அதை வெளியே சொல்லக் கூச்சம்.

இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். வலி தசையில் தெரிந்தாலும் கோளாறு தசையில் இல்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுகின்றன. ரேடியோவில் சத்தம் கூட்டி வைத்தது போல. அதனால்தான் எக்ஸ்ரேயில் எதுவும் சிக்காது. 1990-ல் வந்த விதிப்படி, உடம்பில் பரவலாக வலி இருப்பவருக்கு 18 இடங்களை அழுத்திப் பார்த்தோம், 11 இடத்திலாவது வலித்தால் இந்த நோய் என்றோம். 2010-ல் வந்த விதிகளில் அழுத்திப் பார்ப்பது கட்டாயமில்லை. வலி எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா, அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறாரா, மூன்று மாதமாவது இப்படியே இருக்கிறதா என்று கேட்கிறோம். பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம், ஆண்களுக்கும் வரும்.

சரி, உடம்பு வலியெல்லாம் இதுதானா? இல்லை. தைராய்டு குறைவு, விட்டமின் டி குறைவு, ரத்தசோகை எல்லாம் இதே வேஷத்தில் வரும், பார்த்துவிட வேண்டும். மூட்டு வீங்கினால், காய்ச்சல் இருந்தால், எடை குறைந்தால், கைகால் பலம் போனால் அது வேறு கதை, தள்ளிப்போடாதீர்கள்.

கூட வந்த கணவர், "எல்லாம் நார்மல்னா மனப்பிரமைதானே டாக்டர்?" என்றார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிய மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

வழக்கமான வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் இதற்குப் பெரிதாக உதவாது, வயிறும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம். இதற்கென்று வேறு மருந்துகள் உண்டு, அவையும் ஓரளவுக்குத்தான். நன்றாகக் கைகொடுப்பது உடற்பயிற்சி, அதையும் மெதுவாகத் தொடங்க வேண்டும். வலி குறைந்த நாளில் ஒட்டடை அடித்து, போர்வையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் இவர்கள் எல்லாரும் செய்வது.

அவருக்குப் பத்து நிமிட நடைதான் எழுதிக்கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது பதினைந்தாகியிருந்தது. வலி போகவில்லை, தூக்கம் தேவலாம் என்றார். கட்டைப்பையைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்தார்.