மின்சாரம் தாக்கியதா? புண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

"ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது டாக்டர், இப்போது ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. விரல் நுனியில் மிளகளவு கருகல் இருக்கும். அதற்கு மருந்து போட்டு அனுப்பினால் போதும் என்பார்கள் உடன் வந்தவர்கள். நான் முதலில் கேட்பது வேறு: எந்தக் கை பட்டது, மறு கை எதைப் பிடித்திருந்தது, உடம்பு நனைந்திருந்ததா, நினைவு தப்பியதா?

ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் மார்பைக் கடந்தே போகிறது. காய்ந்த தோல் அதை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் தோல் பெரிதாகக் கருகாமலேயே உள்ளே அதிக மின்சாரம் பாய்ந்திருக்கலாம். வெளிக்காயத்தை வைத்து இதயத்தை எடை போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வீட்டு மின்சாரம் இதயத்தின் கீழறைகளைத் துடிக்கவிடாமல் நடுங்க வைத்துவிடும். சம்பவ இடத்திலேயே உயிர் பிரிவது பெரும்பாலும் இப்படித்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அடிபட்டவரைப் பாருங்கள். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

பிழைத்து வந்தவருக்கு முதல் சோதனை ஈ.சி.ஜி. தாக்கியது 1,000 வோல்ட்டுக்குக் குறைவு, மயக்கம் இல்லை, தொந்தரவு இல்லை, ஈ.சி.ஜி.யும் சரி என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரவில் தூக்கத்தில் இதயம் நின்றுவிடுமோ என்று இவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உயர் அழுத்த மின்சாரம், மயக்கம், நெஞ்சு வலி, துடிப்பில் கோளாறு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மானிட்டரில் வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

குழப்பம் வருவது ரத்தப் பரிசோதனையில். மின்சாரம் கை கால் தசைகளையும் சிதைக்கிறது, இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் சி.கே.-எம்.பி. என்ற நொதி அங்கிருந்தும் கலக்கிறது. அந்த ஒரு எண்ணைப் பார்த்து மாரடைப்பு என்று முத்திரை குத்துவது தவறு. ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு இதயத் தசையைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. அதுவும் கூடியிருந்தால், இதயச் சுவர் சரியாகச் சுருங்குகிறதா என்று எக்கோ என்னும் இதய ஸ்கேனில் பார்க்கிறோம். நெஞ்சு வலியே இல்லாமலும் இதயத் தசை காயப்பட்டிருக்கலாம்.

வீடு திரும்பிய பின் படபடப்போ தலைசுற்றலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். முதலில் எடுத்த ஈ.சி.ஜி. தாளையும் கொண்டுவாருங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா என்பது தெரியும்.