பிஎம்எஸ் சோதனைக்கு எந்த செல்?

பிஎம்எஸ் போர்டு, அதாவது பேட்டரியின் செல்களைக் கண்காணித்து ஆபத்தென்றால் துண்டிக்கும் போர்டு, கைக்கு வந்ததும் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருக்கும் 18650 என்ற லித்தியம் அயன் செல்களைக் கோத்துச் சோதிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஊபி, காக்கி புக்கிட் பக்கப் பட்டறைகளில் இது சகஜம். போர்டே சரியா என்று தெரியாத நேரத்தில், எத்தனை வருடம் உழைத்ததென்றே தெரியாத செல்லை அதில் மாட்டினால் பழுது எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

முதல் சோதனைக்கு செல்லே வேண்டாம். 13 செல் போர்டு என்றால் 100 ஓம் ரெசிஸ்டர் 13-ஐ வரிசையாக இணைத்து, கரண்ட் லிமிட் வைத்த பவர் சப்ளையிலிருந்து 48 வோல்ட் கொடுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு செல்லில் இருப்பதுபோல 3.7 வோல்ட் நிற்கும், ஓடுவதோ 37 மில்லியாம்ப்தான். பேலன்சிங்கை, அதாவது அதிகம் ஏறிய செல்லை இறக்கி மற்றவற்றோடு சமமாக்குவதை, மட்டும் இதில் பார்க்க முடியாது. அது ஓடத் தொடங்கியதும் அந்த ரெசிஸ்டரின் வோல்டேஜே இறங்கிவிடும்.

அதற்குத்தான் சின்ன செல். 50 மில்லியாம்பில் பேலன்ஸ் செய்யும் போர்டில் 2,500 எம்ஏஎச் செல் ஒன்று 10 சதவீதம் ஏறி நின்றால், அதை இறக்க 5 மணி நேரம். அதுவே 700 எம்ஏஎச் 14500 செல் என்றால் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். 13 செல்லும் சேர்ந்து வைத்திருக்கும் ஆற்றலும் 117 வாட்-மணியிலிருந்து 33-க்கு இறங்குகிறது, ஏதாவது தப்பினால் அந்த வித்தியாசம் மேசையில் தெரியும். 14500 பார்க்க அச்சு அசல் ஏஏ பேட்டரி மாதிரியே இருக்கும் என்பதால் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள், யாராவது சுவர்க்கடிகாரத்தில் போட்டுவிடுவார்கள்.

வாங்கும்போது 'புரொடெக்டட்' என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். பாதுகாப்புதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதன் அடியில் குட்டி சர்க்யூட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் லோடை ஏற்றிவிட்டு, "அண்ணே, கட் ஆயிடுச்சு, போர்டு பாஸ்!" என்றார். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு செல் மட்டும் பூஜ்யம். கட் செய்தது செல்லின் சர்க்யூட், எங்கள் போர்டு அதுவரை எதையுமே செய்யவில்லை! சர்க்யூட் இல்லாத செல்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் போட்டு, இரும்புத் தட்டில் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். எச்டிபி அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறை இதற்கான இடம் இல்லை.

சின்ன செல்லில் இன்னொன்று: சார்ஜ் ஏற்றக்கூடிய 16340-ம் சிஆர்123ஏ-வும் ஒரே அளவு. பின்னது சார்ஜ் ஏற்றக் கூடாத 3 வோல்ட் செல். மாறிப்போனால் வெடிக்கக்கூட செய்யும்.

கரண்ட் அளவு மீறினால் போர்டு துண்டிக்கிறதா என்று பார்க்கும் ஓவர் கரண்ட் சோதனைக்குச் சின்ன செல் ஆகாது. உள் மின்தடை அதிகம், 20 ஆம்ப் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் அண்டர் வோல்டேஜ் கட்தான் முதலில் விழும். அங்கே அதிகக் கரண்ட் தரும் 18650 எடுங்கள், புதியதாக, ஒரே பேட்சில். ஆன்லைனில் 9,900 எம்ஏஎச் என்று விற்பது சுத்தப் பொய், அந்த அளவில் 3,500-ஐத் தாண்டுவதே அபூர்வம். சந்தேகமா, தராசில் வையுங்கள்: நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராமுக்குக் குறையாது.

அப்புறம், தனியாக விமானச் சரக்கில் வரும் செல்கள் 2016 ஏப்ரலிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல்தான் வர வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் கோத்துவிடாமல் எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளங்கள். மற்றவற்றைவிட இறங்கியிருப்பதை ஒதுக்குங்கள்.