விபத்தில் மனம் பாதிக்கப்பட்டால்: இழப்பீடும் மேல்முறையீடும்

சாலை விபத்து இழப்பீடு என்றால் ஆஸ்பத்திரி பில்லும் சம்பள இழப்பும் மட்டுமல்ல. எதற்கெல்லாம் இழப்பீடு கேட்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த தலைப்புகளில் வலி, வேதனை, மன அதிர்ச்சிக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. முன்போல் வாழ முடியாமல் போனதற்கு இன்னொரு தலைப்பு. திருமண வாய்ப்பு பாதிக்கப்பட்டிருந்தால் அதையும் அதில் சேர்த்துக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் நிலையான ரேட் கிடையாது. அதனால்தான் மேல்முறையீட்டில் தொகை பெரிதாக மாறுகிறது. 2007இல் விபத்தில் தலையில் அடிபட்ட 12 வயதுச் சிறுமியின் மனவளர்ச்சி கைக்குழந்தை அளவில் நின்றுவிட்டது. விபத்து இழப்பீட்டு வழக்கை முதலில் விசாரிக்கும் தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம் ரூபாய். உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 25.8 லட்சமாக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம் 62.27 லட்சமாக உயர்த்தியது. அதில் 15 லட்சம் வலி, வேதனை, இழந்த வாழ்க்கை ஆகியவற்றுக்காக. ஆயுள் முழுக்க உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவும் அந்தத் தொகையில் அடக்கம்.

ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் தீர்ப்பாயத்தில் பதிவான சாட்சியத்தை வைத்துத்தான் எடைபோடும். புதுச் சாட்சியம் சேர்ப்பது விதிவிலக்கு. எனவே தூக்கமின்மை, பயம், மறதி என எது இருந்தாலும் ஆரம்பத்திலேயே மனநல மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். வெறும் சான்றிதழைவிட, சிகிச்சை கொடுத்த டாக்டரே வந்து சாட்சி சொல்வது வலுவானது. மன பாதிப்பு வேலையையும் கெடுத்திருந்தால் அதையும் டாக்டரைச் சொல்ல வைப்பது மிக முக்கியம். கைகால் தேறிய டிரைவர் பயத்தால் வண்டி ஓட்ட முடியாமல் போனால், அது வருமான இழப்புக் கணக்கிலும் வரவேண்டிய விஷயம். இதையும் கணக்கில் சேர்க்கும்படி வக்கீலிடம் நீங்களே சொல்ல வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் காலக்கெடு. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்; தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம். 2019 திருத்தப்படி, தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் மேல்முறையீடு இல்லை. மனுவில் கேட்டதைவிட அதிகம் கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தொகையைக் குறைக்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்தால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் குறுக்கு ஆட்சேபம் தாக்கல் செய்து கூடுதல் தொகை கேட்கலாம்.