இறக்கியது ஒன்று, ஏறியது மூன்று

சிம்மக்கல் பக்கம் என் சித்தி மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. “அண்ணே, சிஸ்டத்துல பேய் புகுந்துருச்சுண்ணே. கூகுளைத் தொறந்தா வேற எதுவோ தொறக்குது.”

போனேன். மேலூரிலிருந்து சிட்டா எடுக்க வந்த பெரியவர் ஒருவர் ஸ்டூலில் காத்திருந்தார். திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று சிவப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

“கடைசியா என்னடா இறக்குன?”

“ஒண்ணுமில்லண்ணே. பிடிஎஃப்பை வேர்டா மாத்துற ஒண்ணு. ஃப்ரீதான்.”

மதுரை ஜங்ஷன் வாசலில் இறங்கி ஒரு லாட்ஜ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். “அங்க ரூம் இல்ல சார், வேற நல்ல எடம் இருக்கு” என்று கூட்டிப்போகிற ஆட்டோக்காரர்கள் உண்டு. கூட்டிப்போன இடத்து லாட்ஜ்காரர் ஆட்டோக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பார். ஆட்வேர், அதாவது நாம் கேட்காமலே ஏறி விளம்பரம் காட்டும் மென்பொருள், நடப்பதும் இதே கணக்கில்தான். இதற்கு ‘பே பெர் இன்ஸ்டால்’ என்று பெயர். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியான ஓர் ஆய்வு, ஒரு கணினியில் ஏற்றிவிட 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கைமாறுவதைக் காட்டியது. இப்படி நடக்கும் டவுன்லோடு முயற்சிகள் வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல்.

பெரும்பாலும் நாம் இறக்குவது அந்த மென்பொருளே அல்ல, ஒரு சின்ன தரகன் ஃபைல். டபுள் கிளிக் செய்ததும் அது தன் சர்வரோடு பேசுகிறது. எந்த நாடு, எந்த விண்டோஸ், எந்த ஆன்டிவைரஸ் என்று சொல்கிறது. அதற்குத் தோதான சரக்கை சர்வர் அனுப்புகிறது. அடுத்தடுத்த திரைகளில் டிக் முன்பே போட்டிருக்கும். ‘அக்செப்ட்’ பச்சையில் பெரிதாக, ‘டிக்ளைன்’ வெளிறிய சாம்பலில். நாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறோம். பூட்டை உடைத்து நுழைவது வைரஸின் வேலை. இதற்குக் கதவைத் திறந்துவிட்டதே நாம்தான். அதனால்தான் பல ஆன்டிவைரஸ்கள் இதைத் தடுக்கவும் தயங்கின.

பேர்போன தளம் என்றாலும் நம்புவதற்கில்லை. மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ்காரர்களின் தாய்வீடு மாதிரி இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2013-இல் இப்படிக் கூடுதல் சரக்கு கட்டிய இன்ஸ்டாலர்களைக் கொடுக்க ஆரம்பித்தது. படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்பைத் தயாரித்தவர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். 2016-இல் கைமாறிய பிறகு, புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

சரி, கடைக்கு வருவோம். கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். பிடிஎஃப் மாற்றி ஏறிய அதே நாளில், யாரும் கேட்காத மூன்று. நான்கையும் தூக்கினேன். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரலான எக்ஸ்டென்ஷன் ஒன்று உட்கார்ந்திருந்தது, அதையும். சிவப்புப் பெட்டி மட்டும் நிற்கவில்லை. காரணம், அது புரோகிராமே அல்ல. ஏதோ ஒரு தளம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டபோது தம்பி ‘அலவ்’ தட்டியிருக்கிறான். குரோம் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கியதும் ஐந்து வைரஸும் மாயம்!

அப்போதும் பிரவுசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாக வேறொரு தேடல் பக்கமே வந்து நின்றது. இங்கேதான் நிறைய பேர் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். நான் டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ பெட்டியைக் கடைசி வரை நகர்த்திப் பார்த்தேன். chrome.exe என்று முடியவேண்டிய வரியின் வாலில் ஒரு இணைய முகவரி ஒட்டியிருந்தது. அதை அழித்தேன், சரியாகிவிட்டது. டாஸ்க்பாரில் இருந்த ஐகானிலும் அதே வால். சில ஆட்வேர், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை எழுதி வைத்துவிட்டு, நாம் நீக்க நீக்கத் திரும்ப வரும். அங்கேயும் ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. கடைசியில் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வேர் நீக்கியான ஆட்வ்கிளீனரை ஓட்டினேன். அதை இன்ஸ்டால்கூடச் செய்யவேண்டாம். ஆனால் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். தேடல் முடிவுகளில் மேலே நிற்கும் விளம்பரத்தைத் தொட்டால் கதை முதலிலிருந்து தொடங்கலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் இப்படி வேண்டாத சரக்கைத் தடுக்க ‘பொட்டன்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ என்று ஒரு ஸ்விட்ச் 2020 முதல் இருக்கிறது. அதை ஆன் செய்துவைத்தேன். வீடியோ பார்க்க விஎல்சி வேண்டுமென்றால் அதைச் செய்த வீடியோலேன் தளம், அலுவலக வேலைக்கு லிப்ரேஆஃபிஸ் தளம் என்று செய்தவர் வீட்டு வாசலிலேயே வாங்கு, இன்ஸ்டாலரில் எப்போதும் ‘கஸ்டம்’ போட்டு, கேட்காத டிக் ஏதும் இருக்கிறதா என்று பார் என்று தம்பியிடம் சொன்னேன்.

பெரியவரின் சிட்டா பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“அப்ப பிடிஎஃப்பை மாத்துறதுக்கு என்னண்ணே பண்றது?”

“உன்கிட்ட இருக்கிற வேர்டுலயே தொறடா. 2013 வெர்ஷன்லேருந்தே அதுல பிடிஎஃப் தொறக்கும்.”